கொளஞ்சிக்குத் திருப்தியில்லை

மரக்காணத்தைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் அளத்துமேட்டுக்கு டிக்கெட் கேட்டால், இப்போதெல்லாம் கண்டக்டர் "செக்-இன்னா, வேலையா?" என்று கேட்கிறார். செக்-இன் என்றால் அலங்கார வளைவுக்கு எதிரிலேயே நிறுத்துவார். வேலை என்றால் கொஞ்சம் தள்ளி, உப்பு லாரிகள் திரும்புகிற இடத்தில் இறக்கிவிடுவார். வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்கிறவர்களை எங்கே இறக்குவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கொளஞ்சி அந்த ஊர்க்காரி. உப்பளத்தில் கூலி வேலை. அவள் கணவன் பக்தவச்சலம் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவன். மகள் பூவிழி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு படித்தாள். மூன்று பேரும் ஷஃபியின் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஷஃபி ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்கிறவர். அவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்திகள். கொளஞ்சி மாடிக்குத் துணி காயப்போடத்தான் போவாள். தான் துணி காயப்போடுவது ஒரு 'வியூ' மீது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அதைச் சொல்வதற்கென்றே ஓர் அலுவலகம் வந்தது. கடலோர விருந்தினர் மகிழ்ச்சி முகமை என்று பெயர். ஊரில் அதை விருந்தாளி ஆபீஸ் என்றார்கள். ஊரிலுள்ள வீடுகளை வார இறுதிகளில் விருந்தினருக்கு வாடகைக்கு விடுவதும், வந்தவர்களை மகிழ்விப்பதும் அதன் பணி. ஒருங்கிணைப்பாளர் மணிவண்ணன் முழுக்கைச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பார். வேலை நேரத்தில் ஊழியர்கள் சிரித்தபடி இருக்க வேண்டும் என்பது முகமையின் விதி. அதனால் அவருக்குக் கோபம் வந்தாலும் முகத்தில் தெரியாது. காது மட்டும் சிவக்கும்.

மாரியம்மன் கோயில் திடலில் பந்தல் போட்டு முதல் கூட்டம் நடத்தினார்கள். மணிவண்ணன் பேசினார்.

"இந்த ஊரில் எது இல்லை? கடல் இருக்கிறது. உப்பு இருக்கிறது. காற்று இருக்கிறது. விருந்தினர் மட்டும்தான் இல்லை. நீங்கள் தினமும் அலட்சியமாக வாழ்ந்துகொண்டிருக்கும் இந்த வாழ்க்கையை இரண்டு நாளாவது வாழ மாட்டோமா என்று பெருநகரங்களில் எத்தனையோ பேர் ஏங்குகிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டு ஒதுங்கி நிற்பதுதான் தமிழர் பண்பாடு."

கொளஞ்சியின் பக்கத்து வீட்டு வசந்தா எழுந்தாள். அவளும் வாடகைக்குத்தான் இருந்தாள். "ஒதுங்கி எங்கங்க நிக்கிறது?" என்று கேட்டாள்.

"அருமையான கேள்வி. கேள்விகளுக்குக் கடைசியில் நேரம் ஒதுக்கியிருக்கிறோம்" என்றார் மணிவண்ணன். கடைசியில் பாயசம் கொடுத்தார்கள். அது நன்றாக இருந்ததால் கேள்வி எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

வீடுகள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறின. தேசிங்கு வீடு 'உப்புக்காற்று வில்லா' ஆயிற்று. ரேஷன் கடைக்காரர் வீடு 'அலை இல்லம்' ஆயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சக்கரம் வைத்த பெட்டிகள் தெருவில் கடகடவென்று உருளும். ஞாயிறு மதியம் அதே கடகடப்பு எதிர்த்திசையில் போகும். வந்தவர்கள் நல்ல மனிதர்களாகவே இருந்தார்கள். கொளஞ்சி வீட்டு வாசலில் கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் உப்பளத்திலிருந்து வரும்போது, "அக்கா, ஒரு போட்டோ" என்று மரியாதையாகக் கேட்டுத்தான் எடுத்தார்கள்.

தொல்லையெல்லாம் அறிவிப்புப் பலகையில்தான் வந்தது. அதை மாட்டுகிற வேலை ஜான்சியுடையது. பொம்மையார்பாளையத்துப் பெண். முகமையில் களப் பணியாளர். கையில் எப்போதும் ஒரு டேப்லெட் வைத்திருப்பாள். வாரம் ஒரு பலகை கொண்டுவந்து மாட்டிவிட்டு, "என்னத் திட்டாதீங்கக்கா, நான் மாட்டுறதோட சரி" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

வார இறுதியில் தெருவில் கருவாடு காயவைக்கக் கூடாது என்று முதல் பலகை சொன்னது. காலை எட்டு மணிக்கு முன் சேவல்கள் கூவாதவாறு உரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அடுத்த பலகை சொன்னது. பக்தவச்சலம் விதியை மதிக்கிறவன். தன் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக முகமை அலுவலகத்துக்குப் போனான்.

"சார், இத எப்பிடி நிறுத்துறதுன்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா செய்யறேன்."

மணிவண்ணன் சேவலைப் பார்த்துச் சிரித்தார். சேவலும் அவரைப் பார்த்தது.

"விழிப்புணர்வு ஏற்படுத்துங்க" என்றார்.

"அது ஏற்கெனவே முழிச்சிக்கினுதான் சார் கூவுது."

மூன்றாவது பலகை உப்பளத்துக்குப் போகும் பெண்களைப் பற்றியது. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் அவர்கள் விடிவதற்கு முன்பே பேசிக்கொண்டு கிளம்புவார்கள். விருந்தினர் தூங்குகிற நேரத்தில் உரையாடக் கூடாது என்றது பலகை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு, டார்ச் லைட்டைத் தரையில் அடித்தபடி வரிசையாகப் போனார்கள். உப்புக்காற்று வில்லாவில் தங்கியிருந்த ஒருவர் அதை ஜன்னல் வழியாகப் பார்த்து மிரண்டுபோய் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் ஜான்சி புதுப் பலகை மாட்டினாள். 'பெண்கள் மெல்லிய குரலில் பாடிக்கொண்டு செல்ல வேண்டும்.'

"இன்னா பாட்டு?" என்று கேட்டாள் கொளஞ்சி.

"அது குறிப்பிடலக்கா."

இந்த நிலையில்தான் குப்புசாமி இறந்துபோனார். பக்தவச்சலத்தின் பெரியப்பா. பிள்ளை இல்லாதவர். அதனால் கொள்ளி வைக்க வேண்டியவன் பக்தவச்சலம். அவர் போனது ஒரு சனிக்கிழமை காலை. மணிவண்ணன் பெரிய ரோஜா மாலையோடு வந்து போட்டுவிட்டு, பக்தவச்சலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். விதி விதிதான் என்பதால் சாவு வீட்டிலும் சிரித்த முகமாகவே இருந்தார்.

"ரொம்ப வருத்தங்க. எப்போ எடுக்குறீங்க?"

"சாயந்தரம் சார்."

"நேத்துதான் எல்லாரும் செக்-இன் ஆனாங்க. நாளைக்கு மத்தியானம் எல்லாரும் செக்-அவுட் ஆயிடுவாங்க. அதுக்கப்புறம் வெச்சுக்கிட்டா எல்லாருக்கும் சௌகரியம்."

பக்தவச்சலம் யோசித்துப் பார்த்தான். "அவரு காலையிலயே செக்-அவுட் ஆயிட்டாரு சார். இனிமே தாங்காது."

பேசிப் பேசி, மேளத்தை மெதுவாக அடிப்பது என்று முடிவாயிற்று. முருக்கேரியிலிருந்து வந்திருந்த மேளக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். முதல் தெருவரை மெதுவாகத்தான் அடித்தார்கள். இரண்டாவது தெருவில் கை தானாக வேகம் பிடித்துவிட்டது. சத்தம் கேட்டு விருந்தினர்கள் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள். தொப்பி போட்ட ஓர் இளைஞன் மேளத்துக்கு முன்னால் நன்றாக ஆடினான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தீச்சட்டியோடு நடந்த பக்தவச்சலத்தின் பக்கத்தில் வந்தான்.

"செம புரோகிராம்ண்ணா. யாரு ஏற்பாடு?"

"பெரியப்பா" என்றான் பக்தவச்சலம், பாடையைக் காட்டி.

இளைஞன் பூமாலைகளுக்கு நடுவே தெரிந்த முகத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். அப்புறம் அதைக் கையில் பிடித்தபடி சுடுகாடுவரை நடந்து வந்தான். ஆனால் மற்றவர்கள் அதற்குள் வீடியோவையும் ஐந்து நட்சத்திரத்தையும் போட்டுவிட்டார்கள். 'ஊரே கூடி வரவேற்றது' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அடுத்த வாரம் மணிவண்ணன் மறுபடி வந்தார்.

"வர்ற சனிக்கிழமை ஹவுஸ்ஃபுல். எல்லாரும் அந்த நிகழ்ச்சியத்தான் கேக்குறாங்க. அதே நேரம், அதே மேளம்."

கொளஞ்சி பதறினாள். "யாருங்க செத்துட்டாங்க?"

"யாரும் சாக வேண்டியதில்லம்மா. முகமை அந்த மாதிரி யாரையும் கட்டாயப்படுத்தாது. பாடை மட்டும் இருந்தா போதும்."

"படுக்க ஆளு வேணுமே சார்" என்றான் பக்தவச்சலம். "நீங்க படுத்துக்கறதுன்னா நாங்க தூக்கிக்கினு போறோம்." அவன் உதவுகிற எண்ணத்தில்தான் சொன்னான். மணிவண்ணன் சிரித்தபடியே போய்விட்டார். காது இரண்டும் செம்பருத்தி மாதிரி இருந்தன.

பொங்கல் முடிந்து உப்பு சீசன் ஆரம்பித்த சமயத்தில் ஷார்ஜாவிலிருந்து ஷஃபி போன் செய்தார்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? மச்சான் நல்லா இருக்காரா? தப்பா நெனைக்காதீங்கக்கா. தங்கச்சி அர்ஷியாவுக்கு நிக்காஹ் பேசி இருக்குது. நீங்க மாசம் பூரா குடுக்குறத ஆபீஸ்காரங்க ஒரு சனி ஞாயிறுல தர்றேன்றாங்க. நான் உங்கள போவச் சொல்லலக்கா. வூட்ட மட்டும் காலி பண்ணிக் குடுங்க."

"போவாம எப்பிடி தம்பி காலி பண்றது?"

"இன்ஷா அல்லாஹ், எதாவது வழி பொறக்கும்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் குரல் உடைந்திருந்தது. அதனால் கொளஞ்சிக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை.

வீடு தேடி அலைந்தார்கள். மரக்காணத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும், "எத்தன நைட்டு?" என்று கேட்டார்கள். "சாவற வரைக்கும்" என்று ஓர் இடத்தில் பக்தவச்சலம் சொன்னான். அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை என்றார்கள். கோட்டக்குப்பம் பக்கம் போனால் மாட்டுக்கொட்டகையைக்கூட வெள்ளையடித்து, 'பண்ணை வாசம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மாடு கட்ட இடம் இல்லாமல் சாலையோரம் நின்றுகொண்டிருந்தது. கடைசியில் முருக்கேரியில், ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை கிடைத்தது. வசந்தா திண்டிவனத்தில் தங்கை வீட்டுக்குப் போனாள். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

முருக்கேரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தால் உப்பளத்தில் வெயில் ஏறிவிடும். பாதி பாத்தி வாரி முடித்திருப்பார்கள். "ஒனக்காக உப்பு காத்துக்கினு இருக்குமா?" என்று மேஸ்திரி திருப்பி அனுப்புவார். வாரத்தில் பாதி நாள் கொளஞ்சி வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள். பாதத்தில் உப்புப் படாமல் வெடிப்புகள் ஆறத் தொடங்கியதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. பூவிழியைப் புதுப் பள்ளியில் சேர்த்தார்கள். அவள் மூன்றாவது பெஞ்சில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்த டீச்சர் சொன்னார்.

அளத்துமேட்டுப் பள்ளிக்கூடம் பிள்ளைகள் இல்லாமல் மூடப்பட்டது. முகமை அதை ஆழ்ந்த வருத்தத்துடன் பெற்றுக்கொண்டு வரவேற்பறையாக மாற்றியது. கரும்பலகையில் வைஃபை கடவுச்சொல்லை எழுதிவைத்தார்கள்.

அப்போதுதான் முகமைக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. 'வாழும் கிராமம்' என்ற விருதின் கடைசிச் சுற்றுக்கு அளத்துமேடு தேர்வாகியிருந்தது. நடுவர் ஒருவர் பெங்களூரிலிருந்து நேரில் வந்து சில நாள் தங்குவார். கிராம மக்களை அவரவர் வீட்டில் சந்திப்பார். மணிவண்ணன் ஜான்சியை அழைத்து மக்களை ஏற்பாடு செய்யச் சொன்னார். ஜான்சி ஊரைச் சுற்றிவிட்டு வந்தாள்.

"சார், வளைவுல நிக்கிற வாட்ச்மேன் ஒருத்தர்தான் இருக்காரு. அவரு ஒடிசா."

"மத்தவங்க எங்க?"

"நாமதான் சார் அனுப்பினோம்."

மணிவண்ணன் அதை ஒரு சாதனைபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு வேன் ஏற்பாடாயிற்று. ஜான்சி முருக்கேரி, திண்டிவனம் என்று அலைந்து பழைய ஆட்களைத் தேடிப்பிடித்தாள். ஒரு நாள் கூலி, மதியச் சாப்பாடு, ஊர்க்காரர்களாக இருந்தால் போதும்.

இன்னொரு சிக்கல் இருந்தது. எல்லா வீட்டுக் கதவிலும் எண் பூட்டு போட்டிருந்தார்கள். முன்பதிவு செய்தவர் போனுக்குத்தான் எண் வரும். வேறு வழியில்லாமல் ஜான்சி ஒவ்வொரு வீட்டையும் அதில் இருந்தவர் பெயரிலேயே பதிவு செய்தாள். கொளஞ்சி போனுக்கு மெசேஜ் வந்தது. பூவிழி படித்துக் காட்டினாள். 'அன்புள்ள கொளஞ்சி, உங்கள் கனவு இல்லம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.'

கனவு இல்லத்தின் கதவைத் திறந்தபோது கொளஞ்சிக்கு இடம் புரியவில்லை. அடுப்பு இருந்த இடத்தில் ஊஞ்சல் தொங்கியது. அவள் மாவாட்டிய ஆட்டுக்கல் தோட்டத்தில் இருந்தது. அதன் மேல் ஒரு சின்ன புத்தர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படுக்கையில் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்துவைத்திருந்தார்கள். அதைக் கலைக்க பயந்து பக்தவச்சலம் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

நடுவர் அம்மையார் மணிவண்ணனோடு வந்தார். நல்ல மனுஷி. செருப்பை வாசலிலேயே கழற்றினார். "எத்தனை வருஷமா இந்த வீட்டில இருக்கீங்க?" என்று தமிழிலேயே மெதுவாகக் கேட்டார்.

"பரம்பரையா" என்று சொல்லும்படி மணிவண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார். கொளஞ்சிக்கு அந்த வார்த்தை வரவில்லை. "கல்யாணம் ஆனதுலேர்ந்து இருந்தோம்மா. இப்போ காலையிலேர்ந்து இருக்குறோம்" என்றாள்.

"காலங்காலமாகன்னு சொல்றாங்க" என்றார் மணிவண்ணன்.

மாலையில் திடலில் விழா. நடுவர் முன்னிலையில் மணிவண்ணன் மனம் திறந்து பேசினார்.

"நாங்கள் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் மக்கள் சும்மா வசித்துக்கொண்டிருந்தார்கள். அதில் எந்தத் தரக் கட்டுப்பாடும் இல்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பிறந்தார்கள், இறந்தார்கள். முன்பதிவே கிடையாது. அந்த நிலையை நாங்கள் மாற்றினோம். இன்று இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் நட்சத்திரம் உண்டு. எங்களுக்கு விருந்தினர்தான் தெய்வம். திருப்தியில்லாத ஒரு விருந்தினர்கூட இந்த வளைவைத் தாண்டி வெளியே போனதில்லை. போகவிடவும் மாட்டோம். அவர் திருப்தி அடையும்வரை எங்கள் செலவிலேயே வைத்து உபசரிப்போம்."

நடுவர் ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். "இது சும்மா பேச்சா, உண்மையான விதியா?"

"விதி, மேடம். சிஸ்டத்திலேயே போட்டிருக்கோம். ஒரு பக்கம் சிரிக்கிற முகம், ஒரு பக்கம் அழுகிற முகம். அழுகிற முகத்த அழுத்திட்டா செக்-அவுட்டே ஆகாது."

நடுவர் கைதட்டினார். தன் குறிப்பில் அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

விழா முடிந்ததும் வேன் வந்து நின்றது. ஜான்சி டேப்லெட்டோடு வீடு வீடாகப் போய் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். வசந்தாவுக்குத் தங்கை வீட்டில் சமைக்க வேண்டிய அவசரம். சிரிக்கிற முகத்தை அழுத்திவிட்டு ஏறிக்கொண்டாள். மற்றவர்களும் அப்படியே. கொளஞ்சி வீட்டுக்கு ஜான்சி வந்தாள்.

"அக்கா, திருப்தியா?"

கொளஞ்சி பொய் சொல்லிப் பழகாதவள். நடுவருக்கே பொய் சொல்லாதவள் ஜான்சிக்கா சொல்வாள்?

"எங்க ஜான்சி? அடுப்பு இல்ல. கல்லு மேல சாமிய ஒக்கார வெச்சிருக்காங்க. இப்பத்தான் வந்தோம், அதுக்குள்ள கெளம்புன்றீங்க. எப்பிடி திருப்தி ஆவும்?"

ஜான்சி விதிப்படி, கேட்டதை அழுத்தினாள். அழுகிற முகம் சிவப்பாக மாறியது. வேனில் ஏற வேண்டியவர் பட்டியலிலிருந்து மூன்று பெயர்கள் மறைந்துபோயின.

மணிவண்ணன் ஓடி வந்தார். ஆனால் மூன்றாவது வீட்டு வாசலில் நடுவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிரச்சனை?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம். விருந்தினர் இன்னும் திருப்தி அடையல."

"ஓ, அப்போ உங்க விதிய நேர்ல பார்க்கலாம்" என்று நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மறுநாளே ஊஞ்சல் இறங்கி அடுப்பு ஏறியது. புத்தரை முகமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். பழக்கூடை வந்தது. கொளஞ்சி விடிவதற்கு முன்பே வீட்டிலிருந்து நடந்து உப்பளத்துக்குப் போனாள். மேஸ்திரி முழுப் பாத்தி கொடுத்தார். திரும்பி வந்தபோது மணிவண்ணன் வாசலில் காத்திருந்தார்.

"இப்போ திருப்திதானம்மா?"

கொளஞ்சி உண்மையாகவே யோசித்தாள். "அடுப்பு நல்லா எரியுது சார். ஆனா பக்கத்துல பேச ஆளு இல்ல. பேய் வூடு மாதிரி இருக்குது."

"நான் பேசட்டுமா?" என்றார் மணிவண்ணன். படியில் உட்கார்ந்து முகமையின் தொலைநோக்குத் திட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். உப்பு வாரிய அசதியில் கொளஞ்சி தூணில் சாய்ந்தபடி தூங்கிவிட்டாள். நடுவர் அதையும் குறித்துக்கொண்டார்.

வசந்தாவைக் கூட்டிவர திண்டிவனத்துக்குக் கார் போனது. வந்து இறங்கியதும் வசந்தா நேராகத் தெருக்குழாய்க்குப் போனாள். "இன்னாடி, நான் இல்லாதப்போ நீ ஒருத்தியே புடிக்கிறியா?" என்றாள். "வந்தவொடனே ஆரம்பிக்காத வசந்தா" என்றாள் கொளஞ்சி. அரை மணி நேரம் இருவரும் ஆசை தீரச் சண்டை போட்டார்கள். சண்டை முடிந்ததும் வசந்தாவிடம் ஜான்சி டேப்லெட்டை நீட்டினாள். வசந்தா இரண்டு முகத்தையும் பார்த்தாள். கொளஞ்சி வீட்டு அடுப்பில் எரியும் தீயைப் பார்த்தாள். இந்த முறை அவளுக்கும் திருப்தியில்லை.

அதற்குப் பிறகு செய்தி பரவியது. மணிவண்ணன் ஒரு விருந்தினரைத் திருப்திப்படுத்த இன்னொரு விருந்தினரை அழைக்க வேண்டியிருந்தது. அவரைத் திருப்திப்படுத்த அவருடைய மாமியாரை அழைக்க வேண்டியிருந்தது. பூவிழியிடம் அவரே குனிந்து, "பாப்பாவுக்கு என்ன வேணும்? சறுக்குமரமா, நீச்சல் குளமா?" என்று கேட்டார். பூவிழி, "பள்ளிக்கூடம்" என்றாள். பழைய டீச்சரை 'கதைசொல்லி' என்ற பதவியில் திரும்ப அழைத்தார்கள். கரும்பலகையில் கடவுச்சொல்லை அழித்துவிட்டு அவர் ஏழாம் வாய்ப்பாட்டை எழுதினார்.

அளத்துமேடு விருதை வாங்கியது. உலகத்திலேயே இவ்வளவு உயிரோட்டமான சண்டையை வேறெந்தக் கிராமத்திலும் கேட்டதில்லை என்று நடுவர் எழுதினார். விருது கிடைத்ததால் அந்த விதியை எடுத்துவிடவும் முகமைக்கு வழியில்லாமல் போயிற்று. பாதி வீடுகளில் இப்போதும் சக்கரப் பெட்டிக்காரர்கள் வருகிறார்கள். தயிர் தீர்ந்துபோனால் கொளஞ்சி வீட்டில் வாங்கிக்கொள்கிறார்கள். கருவாட்டை எப்படிச் சுடுவது என்று வசந்தாவிடம் கேட்கிறார்கள். மீதி வீடுகளின் வாடகையை முகமையே உரிமையாளர்களுக்குக் கட்டிவருகிறது. ஷஃபி வாரம் தவறாமல் போன் செய்கிறார்.

"அக்கா, அர்ஷியா நிக்காஹ் நல்லபடியா முடிஞ்சுது. நீங்க மட்டும் அவசரப்பட்டு திருப்தி ஆயிடாதீங்க."

இதற்கிடையில் ஜான்சி தங்கியிருந்த வீட்டையும் 'கடற்கரை விடுதி' ஆக்கிவிட்டதால் அவளுக்கும் இடம் இல்லாமல் போயிற்று. பஸ் ஸ்டாப்பில் பையோடு உட்கார்ந்திருந்தவளைக் கொளஞ்சிதான் பார்த்து அழைத்து வந்தாள். "வெறகு அடுக்கி வெச்சிருக்கிற ரூமு இருக்குது. சுத்தம் பண்ணிக்கினா படுத்துக்கலாம்." அன்றிலிருந்து ஜான்சி அங்கேயே இருக்கிறாள். மாலையில் அதே வீட்டு வாசலுக்கு வந்து, பணி நேரக் குரலில், "திருப்தியா?" என்று கேட்க வேண்டியதும் அவள்தான்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் உப்பளத்தில் நல்ல விளைச்சல். பக்தவச்சலம் மூட்டை ஏற்றி முடித்துக் குளித்துவிட்டு வந்திருந்தான். பூவிழி மூன்று பிள்ளைகளோடு சேர்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். கடலிலிருந்து காற்று வந்தது. கொளஞ்சி வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, வெடிப்புகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வசந்தா பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். ஜான்சி டேப்லெட்டைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"அப்பாடி" என்றாள் கொளஞ்சி, தன்னை மறந்து. "இதுக்கு மேல ஒரு மனுஷிக்கு இன்னா வேணும்?"

வசந்தாவின் கை பூவோடு அப்படியே நின்றது. பக்தவச்சலம் தலை துவட்டுவதை நிறுத்தினான். தெரு முனையில் மணிவண்ணன் போனில் பேசியபடி இந்தப் பக்கமாகத் திரும்பினார். கொளஞ்சிக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. எண்ணெய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜான்சி டேப்லெட்டைப் பார்த்தாள். கேட்டதைத்தான் அழுத்த வேண்டும் என்பது விதி.

"காத்து அடிச்சுதுக்கா, சரியா கேக்கல" என்றாள். "இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொன்னா?" என்றாள் வசந்தா சட்டென்று. "இந்தக் கொழாயில தண்ணி ஒழுங்கா வருதான்னு கேட்டா. வந்துட்டாலும்..."

கொளஞ்சி வாயிலிருந்து கையை எடுக்காமலேயே தலையை ஆட்டினாள்.

ஜான்சி அழுகிற முகத்தை அழுத்தினாள். அது சிவப்பானதை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, உள்ளே போய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன் குழம்பை இறக்கிவைத்தாள்.